25 தவ்

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் இருபத்தைந்து கூறு. பட்டறையில் இதை 25 தவ் என்பார்கள், மில்லிமீட்டரில் 0.635. பழைய பெட்ரோல் லாரியின் ஸ்பார்க் பிளக்கில் நடுமுனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து அவ்வளவுதான். அந்தச் சந்தில் பொறி தாவினால் வண்டி நகரும். தாவாவிட்டால் ஏற்றிய உப்போடு வரப்பின் மேல் நிற்கும்; பின்னால் வரும் மாட்டு வண்டிகளும் நிற்கும். 1960களில் மரக்காணத்தில் லாரி வைத்திருந்தவர்களுக்குப் பொழுது விடிந்ததும் முதல் கவலை இந்தச் சந்துதான்.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடி உப்பு என்றால் எங்கள் ஊர்தான். தை பிறந்ததும் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி உவர்நீர் பாய்ச்சத் தொடங்கினால், ஐப்பசி மழை வந்து எல்லாவற்றையும் முழுக்கும்வரை வேலை ஓயாது. நீரின் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அந்த உப்பு ஒரு காலத்தில் படகில் போனது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகக் கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. எனக்கு விவரம் தெரிந்தபோது உப்பு லாரிக்கு மாறியிருந்தது. அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் திண்டிவனம். அங்கே ரயிலும் உண்டு, சென்னைக்குப் போகும் பெரிய ரோடும் உண்டு.

பெரியப்பாவின் லாரி ஒரு ஃபார்கோ. அமெரிக்க வண்டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் பூட்டப்பட்டது. ஆறு சிலிண்டர். வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் பழைய அமைப்பு என்பதால் ஆறு பிளக்கும் எஞ்சினின் தலைமேலேயே வரிசையாக நிற்கும். பானெட்டைத் தூக்கியதும் கைக்கு எட்டும். அது பெரிய வசதி. ஆனால் பானெட் இடுக்கில் வழியும் பனித்தண்ணீரும் நேரே அங்கேதான் சொட்டும். பள்ளிக்கூட லீவு நாட்களில் நான் அந்த லாரியின் கிளீனர்.

உப்பள லாரிக்கு வரும் தொல்லை வேறு எந்த ஊர் லாரிக்கும் வராது. பாத்தி உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியும். மெக்னீசியம் குளோரைடு கசிய 33 சதவீதமே போதும். பகலெல்லாம் காற்றில் பறந்து பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படியும் உப்புத்தூள், தை மாதத்து இரவில் கழுவெளி ஏரிப் பக்கத்துப் பனியைக் குடித்து ஈரப்படலம் ஆகிவிடும். உப்பு ஈரம் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. காயிலிலிருந்து வரும் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் பிளக்கின் உள்ளே போய்ச் சந்தைத் தாண்டுவதற்குப் பதில், வெளியே பீங்கானின் மேல் சறுக்கி எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு கிக் கொடுத்தால் நீல நிறத்தில் சின்னச் சின்ன மின்னல் பீங்கானைச் சுற்றி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பெரியப்பா இதைத்தான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார். "கரண்ட்டுக்கு ரெண்டு வழி இருக்குடா. உள்ள பூந்து சந்தத் தாண்டணும், இல்லன்னா வெளிய பீங்கான் மேல வழுக்கிக்கினு பூடணும். எது சுலபமோ அதுலதான் போவும். உள் வழிய நாமதான் சுலபமாக்கிக் குடுக்கணும்."

உள்வழியைச் சுலபமாக்குவது என்றால் சந்தைக் கொஞ்சம் குறைப்பது. கம்பெனிப் புத்தகம் 25 தவ் என்றது. பனிக்காலத்தில் உப்பள வேலைக்கு அவர் 22 வைப்பார். சந்து குறைந்தால் பொறி தாவ வேண்டிய வோல்ட் குறையும்; பீங்கான் ஈரமாக இருந்தாலும் மின்சாரம் உள்ளேயே போகும். இதற்கு விலை உண்டு. குறுகிய சந்தில் பொறியும் சின்னதுதான். ஐடிலிங்கில் எஞ்சின் கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். வெயில் ஏறி, சித்திரை வந்ததும் மறுபடி 25. இதை எந்தக் கம்பெனிப் புத்தகமும் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு மரக்காணம் தெரியாது. வண்டி ஓடும் ஊரைப் பார்த்துத்தான் பிளக்கை வைக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த உறுதி எனக்கும் இன்றுவரை இருக்கிறது.

சந்தை அளக்க பில்லர் கேஜ் வேண்டும். எங்களிடம் ஒன்று இருந்தது. உப்புக்காற்றில் அதன் மெல்லிய தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துரு சேர்ந்தால் அளவும் பொய்யாகும். அப்போதெல்லாம் கைகொடுப்பது ஹேக்ஸா பிளேடு. சாதாரணக் கை ரம்பத்தின் பிளேடு கனம் சரியாக 25 தவ். பற்கள் இருபுறமும் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் அளக்கக் கூடாது. முதுகுப் பக்கத்தைச் சந்தில் நுழைக்க வேண்டும். விழவும் கூடாது, சிக்கவும் கூடாது, லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். வளைக்க வேண்டியது வெளியே இருக்கும் வளைந்த முனையை மட்டும்தான். நடுமுனையைத் தொட்டு நெம்பினால் உள்ளே பீங்கான் கீறிவிடும், பிளக் செத்தது. அதற்கு முன்னால் சின்ன அரத்தால் நடுமுனையின் தலையைத் தட்டையாக ராவ வேண்டும். மழுங்கிய முனையை விடக் கூரான விளிம்பிலிருந்து பொறி எளிதாகக் கிளம்பும். கரியைச் சுரண்ட மூங்கில் சீவல். கம்பி பிரஷ் போட்டால் பீங்கானில் இரும்புக் கோடு விழுந்து அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். கடைசியில் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, அடுப்பு ஓரத்தில் சூடாக்கி, சூடு ஆறுமுன் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தை மாதக் காலையில் பெரியம்மாவின் அடுப்பைச் சுற்றி ஆறு பிளக்குகள் உட்கார்ந்திருக்கும். காபி அதற்குப் பிறகுதான்.

சந்து வைப்பது கைவேலை. எந்த பிளக் என்று தேர்ந்தெடுப்பதுதான் அறிவுவேலை. மரையின் விட்டமும் நீளமும் பொருந்தினால் போதும் என்று கடைக்காரர் நினைப்பார். போதாது. பிளக்குக்குச் சூட்டளவு என்று ஒன்று இருக்கிறது. உள்ளே எரிப்பறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற நேரமாகும். அது சூடு பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். அது குளிர் பிளக். பொறியின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850ஐத் தாண்டினால் நுனியே கங்காகி, பொறி வருமுன் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழும்.

உப்பள லாரி காலையெல்லாம் முதல் கியரில் வரப்பில் ஊர்ந்து, நின்று, ஏற்றி, ஊரும். எஞ்சின் நன்றாகச் சூடேறாது, கரி படியும். அதற்குச் சூடு பிளக். அதே லாரி சாயங்காலம் பாரத்தோடு திண்டிவனம் போய், இரவெல்லாம் சென்னை ரோட்டில் மிதித்து ஓடும்போது சூடு பிளக் ஆபத்து. அதனால் இரண்டு ஓவல்டின் டப்பாக்கள் வைத்திருந்தார். ஒன்றில் அளத்து வேலைக்கு ஆறு பிளக், இன்னொன்றில் சென்னைப் பயணத்துக்கு ஆறு. புத்தகம் சொன்னது சாம்பியன் ஜே 8. அந்த வரிசையில் ஜே 11 இன்னும் சூடு, ஜே 6 குளிர்ச்சி; எண் ஏற ஏறச் சூடு. பெங்களூர் மைகோ பிளக்கில் கதை தலைகீழ். டபிள்யூ 145ஐ விட 175 குளிர்ச்சி, 225 அதையும் விடக் குளிர்ச்சி. இந்த இரண்டு கணக்கையும் குழப்பாமல் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். பின்னாளில் மைகோவும் புது எண்ணுக்கு மாறியது: பழைய 145 புதிய 8 ஆனது, 175 ஆனது 7, 225 ஆனது 5. அங்கேயும் எண் ஏறினால் சூடு என்று ஆகிவிட்டது.

ஆறாவது சிலிண்டரில் ரிங் தேய்ந்து ஆயில் ஏறியது. எஞ்சினைப் பிரிக்கக் காசு இல்லாத காலத்தில் பெரியப்பா அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் போட்டு, சீசன் முடியும்வரை ஓட்டினார். மற்ற ஐந்தும் ஒரு எண், ஆறாவது வேறு எண். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரே எஞ்சினுக்குள் ஆறு வேறு வேறு உடம்புகள் இருப்பதை அவர் பார்த்தார்.

பார்த்தார் என்றால் நிஜமாகவே பார்த்தார். கழற்றிய பிளக்குகளைச் சாக்கின் மேல் சிலிண்டர் வரிசைப்படி அடுக்குவார். மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சுகம். புகைக்கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது. ஈரக் கறுப்பு என்றால் ஆயில். வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் பிளக் தாங்காத சூடு. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. பழுப்புக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட படிவில் ஈயத்துக்கும் பங்கு உண்டு. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அதற்குள் எங்கள் ஊரில் அந்த நிறங்களைப் படிக்க லாரி மிஞ்சவில்லை.

உதிரி பிளக் டப்பா இல்லாமல் வண்டி புறப்படாது. உப்பு வண்டிக்கு இது புதிய பழக்கமும் இல்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் உமணர்கள், பள்ளமும் மேடும் ஏறி இறங்கும் வழியில் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடிமரத்தில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே போகிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த உதிரி அச்சுக்கு ஒப்பிடுகிறார். அரசனின் மகனைப் புகழ ஒரு புலவருக்கு உப்பு வண்டியின் உதிரிச் சாமான் பொருத்தமாகத் தோன்றியிருக்கிறது. பாரம் ஏற்றுகிறவர்களின் முன்யோசனையை அவர் எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! பள்ளியில் அந்தப் பாட்டைப் படித்தபோது எனக்கு ஓவல்டின் டப்பாதான் கண்ணில் வந்தது.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர். கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. பெட்ரோல் லாரி வைத்து உப்புச் சுமப்பது கட்டுபடியாகாத காரியம் ஆயிற்று. டாட்டா 1954 முதலே டீசல் லாரி கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணூரில் லேலண்ட் இருந்தது. புது வண்டிக்கு வழியில்லாதவர்கள் பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, சென்னை சிம்ப்சன் கொடுத்த பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெரியப்பாவும் ஏற்றினார். டீசலுக்குப் பொறி வேண்டாம். அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரியும். பிளக், காயில், டிஸ்டிரிபியூட்டர், பாயின்ட் எல்லாம் ஒரே நாளில் இரும்புக்கடைச் சாமான் ஆயின. ஈரமான பீங்கான் பற்றிய கவலையும் தீர்ந்தது. எங்கள் பிளக்குகளைச் செய்த மைகோதான் இந்தியாவில் டீசல் பம்புகளையும் செய்தது. பிளக்கை வீட்டுக்கு அனுப்பிய பம்பும் அதே பெங்களூர்க் கம்பெனியிலிருந்து வந்தது.

அடுத்த நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள் மரக்காணத்து லாரிப் பட்டறைகளில் யாருக்கும் பிளக் தெரிய வேண்டியிருக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

பிறகு பிளக் திரும்பி வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்ததும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் வடிகட்டிகளும் யூரியாத் தண்ணீரும் சேர்ந்தன, விலையும் ஏறியது. நகரத்துக்குப் போய்வரும் லாரிக்காரர்கள் சி.என்.ஜி. பக்கம் திரும்பினார்கள். 2021 டிசம்பரில் டாட்டா 407க்கே சி.என்.ஜி. வகை வந்தது. இந்தக் கேஸில் பெரும்பகுதி மீத்தேன். தானாகப் பற்றிக்கொள்ள அதற்கு 500 டிகிரிக்கு மேல் வேண்டும், டீசலைப் போல வெறும் அழுத்தத்தில் எரியாது. ஆகவே மறுபடியும் சிலிண்டருக்கு ஒரு பிளக். காற்றைச் சுத்தமாக்கப் போட்ட விதி, ஐம்பது ஆண்டுக்கு முன் எண்ணெய் விலை எடுத்துப்போனதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

என் தங்கை பேரன் ஒரு கேஸ் லாரி வாங்கி உப்பு ஓட்டுகிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் சென்னை. போன தை மாதம் காலையில் ஸ்டார்ட் ஆனதும் வண்டி மிஸ்ஸிங் அடித்தது. அரை மணி ஓடினால் சரியானது. பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பி0303 என்று காட்டியது. மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். காயிலை மாற்றினார்கள். மறுநாள் காலை மறுபடியும் மிஸ்ஸிங்.

"தாத்தா, நீ பழைய பெட்ரோல் லாரில இருந்தவன்னு அம்மா சொல்லிச்சு. வந்து பாரேன்" என்றான்.

அந்தக் காலத்தில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, மரக்கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்து எஞ்சினோடு சேர்ப்போம். எதைத் தொட்டால் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. இன்றைய காயிலிலும் கம்ப்யூட்டரிலும் அதைச் செய்யக் கூடாது. செய்தால் அவை வெந்துபோகும். அந்த வேலையைக் கருவி சுத்தமாகச் செய்கிறது, மகிழ்ச்சிதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுங்கள்.

பிளக் அமரும் குழிக்குள் உப்புப் பொருக்கு. மேலே இருந்த ரப்பர் உறை வெடித்திருந்தது. பீங்கானில் தலையிலிருந்து இரும்பு விளிம்புவரை பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் வெளியே வழுக்கிய தடம். நுனியைப் பார்த்தால் நடுமுனை தேய்ந்து சந்து அகன்றிருந்தது. மூக்கின் நிறம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேஸில் கரியும் இல்லை, ஈயமும் இல்லை, நோயுள்ள பிளக்கும் நோயில்லாத பிளக்கும் ஒரே வெளுப்பு. அந்த ஒரு பாடம் காலாவதி ஆகிவிட்டது. மற்றவை எல்லாம் பெரியப்பா சொன்னபடியே இருந்தன. சந்து அகன்றதால் உள்வழி கடினமாயிற்று. உப்பும் பனியும் வெளிவழியைத் திறந்துவிட்டன.

கேஸ் எஞ்சினில் இது பெட்ரோல் லாரியைவிட மோசம். அழுத்தம் அதிகம், அடர்ந்த வாயுவுக்குள் பொறி தாவக் கூடுதல் வோல்ட் வேண்டும். அதனால்தான் கேஸ் எஞ்சின்களில் சந்தைக் குறுக்கியே வைக்கிறார்கள், பெரிய எஞ்சின்களில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போவது உண்டு. நடுமுனையும் இப்போது பலவற்றில் இரிடியம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் உருக 2,446 வேண்டும். அதனால் மெல்லிய ஊசியாக அதைச் செய்ய முடிகிறது, ஊசி முனையிலிருந்து குறைந்த வோல்ட்டிலேயே பொறி கிளம்புகிறது. அரத்தால் ராவிய காலத்தில் நாங்கள் கையால் தேடிய கூர்மை ஆலையிலிருந்தே வருகிறது. ஆனால் அதில் ஹேக்ஸா பிளேடை நுழைக்கக் கூடாது, அரம் ஆகவே ஆகாது, ஊசி ஒடிந்துவிடும். வட்டக் கம்பி கேஜால் அளந்து பார்க்கலாம். அளவு தவறியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னவை இவ்வளவுதான். மரை ஒன்றாக இருக்கிறது என்று கார் பிளக்கை வாங்கிப் போடாதே. கேஸ் எஞ்சினின் சூட்டுக்கு அது தாங்காது, எஞ்சின் புத்தகத்தில் இருக்கும் எண்ணையே கேள். கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்று, குறிப்பாக மார்கழிக்குள். அந்தக் கிலோமீட்டர் உப்பளத்துக்காகப் போட்ட கணக்கு அல்ல. குழியைத் திறக்கும் முன் காற்றடித்து உப்பை வெளியேற்று. ரப்பர் உறையின் உள்ளே சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவு, ஈரம் ஏறாது. மரையில் எதுவும் தடவாதே. வார்ப்பிரும்புத் தலைக்கு நாங்கள் கிராஃபைட் பூசினோம். இன்றைய பிளக்குக்கு மேற்பூச்சு உண்டு, தலை அலுமினியம், வழுவழுப்பில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் மரை போய்விடும்.

"அளத்துக்கு ஒரு செட்டு, மெட்ராசுக்கு ஒரு செட்டு வாங்கட்டா தாத்தா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இப்போதைய பிளக்குக்குள் செம்புத்தண்டு ஓடுகிறது. ஊர்ந்தாலும் சீக்கிரம் சூடேறும், மிதித்து ஓடினாலும் சூட்டை இறக்கும், ஒரே செட் இரண்டுக்கும் போதும். நான்கு உதிரி மட்டும் வாங்கி, ஈரம் புகாத டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வை என்றேன். வாங்கிவிட்டான். கூடவே ஒரு கம்பி கேஜும் வாங்கியிருக்கிறான், அதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பாத்தி லாரிக்காரர் இரண்டு பேர் அவனிடம் பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார்களாம். ஒன்றில் சந்து சரி, இன்னொன்றில் பீங்கான் கோடு விழுந்திருந்தது என்று போனில் சொன்னான். கோடு முழுசாக எட்டியதா, பாதியா என்று கேட்டேன். பாதி என்றான். அப்படியானால் ரப்பரையும் சேர்த்து மாற்றச் சொல்லு என்றேன்.